மாயாக்கள் அழிந்துபோகவில்லை: சுற்றிவரும் பகிர்வுகளுக்கு எமது பதில்



நீளமான பதிவுதான். பொறுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். வரலாறு படிப்பிக்கும் எங்களால் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

எமது வட்ஸ்அப் குழுக்களில் அமெரிக்கக் கண்டத்தின் ஆதிக்குடிகளைப் பற்றி மூன்று வகையான பகிர்வுகள் மாறி மாறி வருகின்றன. முதலாவது: "மாயாக்களும் அஸ்டெக்குகளும் இன்காக்களும் மனிதனை அறுத்துப் பலியிட்ட காட்டுமிராண்டிகள். அதனால்தான் இறைவன் அவர்களைப் பூண்டோடு அழித்தான்." இரண்டாவது: "அங்குள்ள பிரமிட்டுகளை மனிதன் கட்டியிருக்க முடியாது. வேற்றுக்கிரகவாசிகள்தான் கட்டினார்கள்." மூன்றாவது: "அமெரிக்காவைக் கண்டுபிடித்தது கொலம்பஸ் அல்ல, முஸ்லிம்கள். கியூபாவின் மலையுச்சியில் பள்ளிவாசல் இருந்ததைக் கொலம்பஸே எழுதியிருக்கிறார்."

மூன்றும் வேறு வேறு போலத் தெரியும். ஆனால் மூன்றும் சொல்வது ஒன்றைத்தான்: அந்த மண்ணின் மக்கள் ஒரு பொருட்டே அல்ல. ஒன்று அவர்கள் சாகத் தக்கவர்கள், அல்லது கட்டத் தெரியாதவர்கள், அல்லது யாரோ வந்து கண்டுபிடிப்பதற்காகக் காத்திருந்தவர்கள். இந்த மூன்றையும் நாம் மறுக்கிறோம்.

முதலில் பலியைப் பற்றிப் பேசுவோம். ஏனென்றால் அதுதான் கனமான குற்றச்சாட்டு. அதை மூடி மறைக்க மாட்டோம். அஸ்டெக்குகள் நரபலி கொடுத்தார்கள். இது ஸ்பானியரின் கட்டுக்கதை மட்டுமல்ல. மெக்சிகோ நகரின் நிலத்துக்குக் கீழே, பழைய பெருங்கோயிலுக்கு அருகில், மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய மேடையொன்றை 2015 இல் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். பெண்களின் மண்டையோடுகளும் சிறுவர்களின் மண்டையோடுகளும் அதில் இருந்தன. அந்தீஸ் மலைச் சிகரங்களில் இன்காக்கள் பிள்ளைகளைப் பலியிட்டதற்கும் சான்றுகள் உள்ளன. இதை நியாயப்படுத்த எங்களிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆனால் கேள்வி வேறு. ஒரு சமூகம் செய்த கொடுமையைக் காட்டி, அந்தச் சமூகம் முழுவதையும் கொல்வதும் அடிமையாக்குவதும் சரி என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வி புதியதல்ல. 1550 இல் ஸ்பெயினின் வய்யதோலித் நகரில், மன்னரின் ஏற்பாட்டில், இதைப் பற்றியே ஒரு பெரிய விவாதம் நடந்தது. செபுல்வேதா என்ற அறிஞர், "இவர்கள் சிலை வணங்குகிறார்கள், நரபலி கொடுக்கிறார்கள், ஆகவே இவர்கள்மீது போர் தொடுப்பது நியாயமானது" என்ற கருத்தை முன்வைத்தார். லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் அதை எதிர்த்தார். தன் நாட்டுப் படைகள் அங்கே செய்த கொலைகளைக் கண்ணால் கண்டவர் அவர். எமது குழுக்களில் வரும் முதலாவது பகிர்வு செபுல்வேதாவின் வாதம்தான். அதை அனுப்புகிறவர்களுக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஏறத்தாழ 475 வருடங்களுக்குப் பிறகு அவருக்காக இலவசமாக வக்காலத்து வாங்குகிறார்கள்.

அதே நூற்றாண்டில் ஸ்பெயினில் என்ன நடந்தது? மதவிசாரணை மன்றங்கள் மனிதரைக் கம்பத்தில் கட்டி உயிரோடு எரித்துக்கொண்டிருந்தன. எரிக்கப்பட்டவர்களில் இரகசியமாக இஸ்லாத்தைப் பின்பற்றியவர்கள் எனக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் இருந்தார்கள். அதற்காக ஸ்பானியர் அனைவரையும் காட்டுமிராண்டிகள் என்று யாரும் எழுதுவதில்லை. அளவுகோல் ஏன் இரண்டாகிறது?

1492 ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் ஜனவரி 2 ஆம் திகதி கிரனடா வீழ்ந்தது. ஒகஸ்ட் 3 இல் கொலம்பஸ் கப்பல் ஏறினார். ஒக்டோபர் 12 இல் கரீபியன் தீவொன்றில் கால் வைத்தார். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே அரசன், ஒரே அரசி. கிரனடாவில் 1500 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஸிஸ்நேரோஸ் என்ற பேராயர் அரபு நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் குவித்து எரித்தார். மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. இந்தக் கதை எமக்குத் தெரியும். சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம், கண் கலங்கியிருக்கிறோம்.

அதன் அடுத்த அத்தியாயத்தைத்தான் நாம் பேசுவதில்லை. 1562 ஜூலையில், யுகடான் தீபகற்பத்தின் மானி என்ற ஊரில், தியேகோ தே லந்தா என்ற பாதிரியார் மாயா மக்களின் நூல்களைக் குவித்து எரித்தார். விசாரணை என்ற பெயரில் அந்த மக்களைச் சித்திரவதை செய்தார். பலர் மாண்டார்கள். நூல்கள் எரிந்ததைப் பார்த்து அந்த மக்கள் பட்ட வேதனையை அவரே பதிவு செய்திருக்கிறார். மாயா எழுத்தில் இருந்த நூல்களில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. கிரனடாவுக்காக அழுகிற கண், மானிக்காக ஏன் வரண்டு கிடக்கிறது?

அந்த நூல்களில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். தப்பிய நான்கில் ஒன்று ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருக்கிறது. அதில் வெள்ளிக் கோளின் தோற்றத்தையும் மறைவையும் கணித்த அட்டவணைகள் உள்ளன. கிரகணக் கணக்குகள் உள்ளன. தொலைநோக்கி இல்லாமல், வெறும் கண்ணாலும் தலைமுறை தலைமுறையாக வைத்த குறிப்புகளாலும் செய்த வேலை அது. மாயாக்கள் பூச்சியத்துக்கு ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். இந்தியாவில் பிறந்த பூச்சியத்தை அரபு நூல்கள் வழியாக ஐரோப்பா கற்றுக்கொண்டதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கடலுக்கு அப்பால், யாரிடமும் கேட்காமல் அவர்கள் அதைக் கண்டடைந்திருந்தார்கள்.

இனி வேற்றுக்கிரகவாசிக் கதைக்கு வருவோம். பலென்கே நகரின் பகால் என்ற மன்னனின் கல்லறை மூடியைக் காட்டி, "விண்கலம் ஓட்டுகிறான் பாருங்கள்" என்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளை இன்று வாசிக்க முடியும். பகால் 615 முதல் 683 வரை ஆண்டவர். அவரது தாய் தந்தை யார், மகன் யார், எந்தக் கட்டடத்தை யார் எழுப்பினார்கள் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கட்டியவன் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த பிறகும் "நீ கட்டவில்லை" என்று சொல்வது அறிவியல் ஆர்வமல்ல, அவமதிப்பு. ஐரோப்பாவின் பேராலயங்களைப் பார்த்து யாரும் விண்வெளியைத் தேடுவதில்லையே!

பள்ளிவாசல் கதையும் இப்படித்தான். துருக்கி ஜனாதிபதி அர்தூகான் 2014 இல் இதைச் சொன்ன பிறகு எமது பக்கங்களில் பற்றிக்கொண்டது. கொலம்பஸின் பயணக் குறிப்பில் இருப்பது, ஒரு மலையின் உச்சி அழகான பள்ளிவாசல் போன்ற வடிவத்தில் இருந்தது என்ற வருணனை மட்டுமே. அஸ்டெக் தலைநகரை வென்ற கோர்டெஸ், அங்கிருந்த கோயில்களைத் தன் கடிதங்களில் பள்ளிவாசல்கள் என்றே எழுதினார். அதை வைத்து மெக்சிகோ முழுக்கத் தொழுகை நடந்தது என்று சொல்வோமா? தம் மதம் அல்லாத எந்த வழிபாட்டிடத்தைக் கண்டாலும் அவர்களுக்கு நாவில் வந்த சொல் அது. அவர்களுடைய கண்ணுக்கு நாமும் அந்த மக்களும் ஒரே பட்டியலில் இருந்தோம். இந்த உண்மையை விட்டுவிட்டு, இல்லாத பள்ளிவாசலுக்கு உரிமை கோருவது எதற்கு? மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த நாட்டை நாம்தான் "கண்டுபிடித்தோம்" என்று பெருமை பேசினால், கொலம்பஸின் நாற்காலியில் நாம் உட்கார ஆசைப்படுகிறோம் என்றுதானே அர்த்தம்?

பெயரையும் பாருங்கள். இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்த கொலம்பஸின் பிழையால் அந்த மக்கள் "இந்தியர்" ஆனார்கள். நாம் எமக்குச் சோனகர் என்றோம். ஐபீரியாவில் முஸ்லிம்களோடு போரிட்ட போர்த்துக்கேயர், அங்கிருந்து கொண்டுவந்த "மூர்" என்ற சொல்லை எமக்கு ஒட்டினார்கள். ஆங்கிலேயர் அதைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பிறர் வைத்த பெயரோடு, பிறர் எழுதிய கதைக்குள் வாழ்வது எப்படியென்று எமக்குத் தெரியும். அப்படியானால் இன்னொரு மக்களைப் பற்றி அவர்களுடைய எதிரி எழுதியதை மட்டும் நம்புவது எமக்கு அழகா?

அவர்களுடைய நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எமது ஈமான் எமக்கு. ஆனால் ஒரு மக்களின் நம்பிக்கையைப் பலிபீடம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியாது. மாயா மக்களின் ஒரு பிரிவினரான கிச்சே மக்களிடம் போபோல் வூ என்ற படைப்புக் கதை இருக்கிறது. அதன்படி முதலில் களிமண்ணாலும் பிறகு மரத்தாலும் செய்த மனிதர்கள் சரிவரவில்லை. இறுதியில் சோளத்தால் செய்த மனிதனே நிலைத்தான். இந்த நம்பிக்கை அவர்களுடைய வயலிலும் இருந்தது. சோளத்தையும் போஞ்சியையும் பூசணியையும் ஒன்றாக நடுவார்கள். போஞ்சிக்கொடி சோளத்தண்டில் ஏறும், மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும். பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்தார்கள். அப்படி அவித்தால்தான் அதிலுள்ள ஒரு விற்றமின் உடலில் சேரும். ஐரோப்பா சோளத்தைக் கொண்டுபோனது, அவிக்கும் முறையைக் கற்கவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலக்ரா என்ற நோயில் மாண்டார்கள். யார் அறிவாளி, யார் அறிவிலி?

அந்தீஸ் மலையில் பூமியைப் பச்சமாமா, அதாவது பூமித்தாய், என்றார்கள். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று மாறி மாறி உழைப்பதற்கு அய்னி என்று பெயர். இன்கா அரசு உழைப்பைக் கட்டாயமாக வாங்கியது, அதுவும் உண்மை. ஆனால் களஞ்சியங்களைக் கட்டித் தானியமும் உலர்த்திய உருளைக்கிழங்கும் சேமித்து வைத்தது. எழுத்துக்குப் பதிலாகக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தது. அஸ்டெக்குகளின் தெனோச்சித்லான் ஏரிக்கு நடுவே எழுந்த நகரம். செவில், கொர்தோபா நகரங்கள் அளவுக்குப் பெரியது என்று கோர்டெஸே தன் மன்னனுக்கு எழுதினார். எழுதிவிட்டு, 1521 இல் அதைத் தரைமட்டமாக்கினார்.

எமது அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள். கொச்சிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கச்சான், கஜு, பப்பாசி, கொய்யா, அன்னாசி. எல்லாம் அவர்கள் மண்ணிலிருந்து வந்தவை. பலவற்றைக் காட்டுச்செடியிலிருந்து பயிராக்கியது அவர்களுடைய கை. எமது இறப்பர் தோட்டங்களின் மூலவிதை 1876 இல் அமேசனிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, லண்டன் வழியாகக் கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்தது. கொச்சிக்காய் இல்லாமல் ஒரு கறி வைக்கத் தெரியாத நாம், அதை வளர்த்தெடுத்தவர்களைக் காட்டுமிராண்டிகள் என்கிறோமா?

அடுத்து, "அழிந்துபோனார்கள்" என்ற சொல். அம்மையும் பிற தொற்றுநோய்களும் போரும் அடிமை உழைப்பும் சேர்ந்து மிகப் பெருந்தொகையானோரைக் கொன்றன. சில பகுதிகளில் பத்தில் ஒன்பது பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் எஞ்சினார்கள். மாயாக்களின் கடைசி இராச்சியம் 1697 வரை, கொலம்பஸுக்குப் பிறகு 200 வருடங்களுக்கும் மேலாக, தாக்குப் பிடித்தது. இன்றும் பல மில்லியன் பேர் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். கெச்சுவா பெருவின் அரச மொழிகளில் ஒன்று. குவாத்தமாலா உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமலாக்கப்பட்டார்கள் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 வீதமானோர் மாயாக்கள் என்றும் அங்குள்ள உண்மை ஆணைக்குழு 1999 இல் அறிக்கையிட்டது. காணாமலாக்கப்பட்டோர் என்ற சொல்லின் பாரம் இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உயிரோடு இருந்து நீதி கேட்பவர்களை "அழிந்துபோன நாகரிகம்" என்று எழுதுவது, அவர்களை இன்னொரு தடவை கொல்வதுதான்.

ஆசிரியர்களாகிய எமக்கு ஒரு விடயம் கூடுதலாகச் சுடுகிறது. கனடாவில் சுமார் 150,000 ஆதிக்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டார்கள். தலைமுடி வெட்டப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்தப் பாடசாலைகளில் கடைசியானவை 1990 களில்தான் மூடப்பட்டன. வாளும் நெருப்பும் முடிக்காத வேலையைக் கரும்பலகையிடம் ஒப்படைத்தார்கள். "உன் தாய் தந்தை காட்டுமிராண்டிகள்" என்று பிள்ளைக்குப் படிப்பிப்பதுதான் அந்த வேலை. எமது வகுப்பறைகளும் எமது குழுக்களும் அதே பாடத்தை ஒப்புவிக்கக் கூடாது.

ஆகவே கேட்டுக்கொள்கிறோம். நாடுகாண் பயணங்களைப் படிப்பிக்கும் ஆசிரியர்களே, "கண்டுபிடித்தார்" என்ற சொல்லை விட்டு "வந்து சேர்ந்தார்" என்று சொல்லுங்கள். அங்கே யார் இருந்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பெற்றோர்களே, அடுத்த தடவை இப்படியொரு பகிர்வு வந்தால், அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வியைப் போடுங்கள்: "இதை அந்த மக்களில் ஒருவர் சொன்னாரா, அவர்களுடைய புத்தகத்தை எரித்தவர் சொன்னாரா?"

பதில் வரும்வரை அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.