பேர் போடாத வேலை

எங்கள் கம்பெனி கேன்டீன் சுவரில் ஒரு போர்டு தொங்குகிறது. மாதா மாதம் 'சிறந்த ஊழியர்' என்று ஒருத்தர் போட்டோவை அதில் ஒட்டுவார்கள். போட்டோவில் சிரிக்கிறவர் அந்த மாசம் ஏதாவது சாதித்திருப்பார். டார்கெட்டைத் தாண்டியிருப்பார். ஸ்கிராப்பைக் குறைத்திருப்பார். குறைந்தபட்சம் மேனேஜர் வரும்போது பரபரப்பாக நடந்திருப்பார்.

நைட் வாட்ச்மேன் போட்டோ மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை. புதுவாயல் ஸ்டாப்பில் இறங்கி ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு உள்ளே நுழையும்போது, "ராத்திரி எப்படிண்ணே?" என்று கேட்டால், "ஒண்ணும் நடக்கலை சார்" என்பார். அந்த 'ஒண்ணும் நடக்காததற்காக'த்தான் ஒரு மனுஷன் விடிய விடிய கண் முழித்திருக்கிறார். இதை எந்த போர்டில் எழுதுவது?

கேன்டீனில் இதைச் சொன்னேன். எதிரே தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்த தூத்துக்குடி நண்பர் (கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றால் மட்டும் முகம் சுருங்கும்) நிமிர்ந்தார். "எங்கள்ல ஒரு வாட்ச்மேனுக்குப் புனிதர் பட்டமே குடுத்திருக்கு, தெரியுமாவே?"

தெரியாது. வீட்டுக்குப் போய்த் துருவினேன். நிஜம்தான்!

பெயர் அல்போன்ஸ் ரொட்ரீகஸ். ஸ்பெயின்காரர், துணி வியாபாரி. மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக இறந்து போனார்கள். வியாபாரமும் நொடித்துப் போனது. நாற்பதை நெருங்கும் வயதில், 1571-ல், இயேசு சபையில் சேர்ந்தார். குருவாகிற அளவுக்குப் படிப்பு இல்லை. மஜோர்க்கா தீவில் சபையின் கல்லூரி ஒன்றில் வாசல் கதவைத் திறந்து மூடுகிற வேலை கொடுத்தார்கள். பல பத்து வருஷம் அதேதான். மணி அடிக்கும்போதெல்லாம் வெளியே நிற்பது ஆண்டவர் என்று நினைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன்" என்று ஓடுவாராம். (மத்தியானத் தூக்கத்தில் கூரியர்காரர் மணி அடித்தால் நாம் சொல்கிற வார்த்தையைப் பத்திரிகையில் போட முடியாது.)

அந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்த பீட்டர் கிளேவர் என்ற இளைஞனிடம், "நீ அமெரிக்கா பக்கம் போ" என்று தூண்டிவிட்டவர் இந்த வாசல்காரர்தான். பையன் போனார். இன்றைய கொலம்பியாவில் இருக்கிற கார்த்தஹேனா துறைமுகத்தில், கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஆப்பிரிக்க அடிமைகளுக்கு மருந்து, சாப்பாடு, ஆறுதல் என்று ஏறத்தாழ நாற்பது வருஷம் ஊழியம் செய்தார். 1888-ல் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம். கடல் தாண்டிப் போனவருக்கும் கதவுப் பக்கத்திலேயே நின்றவருக்கும் ஒரே மேடை!

இன்னொரு ஜோடி இதைவிட வேடிக்கை. நம் முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்து, கடற்கரை கிராமமெல்லாம் சுற்றி, ஜப்பான் வரைக்கும் போனவர் பிரான்சிஸ் சவேரியார். மறைபரப்புப் பணிக்கு அவர் பாதுகாவலர் என்பது நியாயம். 1927-ல் அவருக்குச் சமமாக இன்னொருவரையும் பாதுகாவலராக அறிவித்தார்கள். அவர் பிரான்ஸில் லிசியே என்ற ஊரில் பதினைந்து வயதில் கார்மேல் மடத்துக்குள் போன தெரேசாள். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. ஒன்பது வருஷம் துணி துவைத்தார், பெருக்கினார், ஜெபித்தார். 1897-ல் காசநோயில் இறந்தார். வயது 24.

"சும்மா உட்கார்ந்து ஜெபம் பண்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அதையேதான் நண்பரிடம் கேட்டேன். அவர் மெயின்டனன்ஸ் ஆள். பதிலும் அந்த பாஷையிலேயே வந்தது. "எர்த் கம்பி எந்த மெஷினை ஓட்டுது? பேசாம மண்ணுக்குள்ளதான கெடக்கு? புடுங்கிப் பாரும்!" அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, "இயேசுவே முப்பது வருஷம் நாசரேத்துல தச்சு வேலை பார்த்தாரு. ஊருக்குத் தெரிஞ்சு பேசினது கடைசி மூணு வருஷம்தான்" என்றார். அவர்கள் மரபில் அந்த முப்பது வருஷத்தை வெறும் காத்திருப்பாக எண்ணுவதில்லை. அதுவும் மீட்பு வேலையில் சேர்த்தி.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எந்த மேனேஜராவது, "பார்த்தீங்களா, பலனை எதிர்பார்க்கக் கூடாது" என்று இன்க்ரிமென்ட்டில் கை வைத்தால் நான் பொறுப்பில்லை. தெரேசாள் மறைந்து வாழ்ந்தது அவராகத் தேர்ந்துகொண்டது. வாட்ச்மேனை நாம்தான் மறைத்து வைத்திருக்கிறோம். அவருக்கு வேண்டியது புனிதர் பட்டம் இல்லை, பி.எஃப்.

இந்த மாதிரி வாழ்க்கையைத் தேடி வந்த ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கிறார். ழூல் மோன்ஷனின், பிரெஞ்சுக் குருவானவர். லியோன் நகரத்தில் பெரிய அறிவாளி என்று பேர் வாங்கினவர். 1939-ல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் பத்து வருஷம் சத்தமில்லாமல் வேலை பார்த்தார். பிறகு 1950-ல், ஹென்றி லெ சோ என்ற இன்னொரு பிரெஞ்சுத் துறவியோடு, குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். காவி உடை, சைவச் சாப்பாடு. பெயரைப் பரம அரூபி ஆனந்தம் என்று வைத்துக்கொண்டார். லெ சோவுக்கு அபிஷிக்தானந்தா என்று பெயர். ரமணரை நேரில் தரிசித்தவர் அவர்.

இரண்டு பேரும் சீடர்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் தங்கவில்லை. லெ சோவே அடிக்கடி திருவண்ணாமலைக் குகைகளுக்குக் கிளம்பிப் போய்விடுவார். மோன்ஷனின் ஜெபித்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஏழு வருஷம் இப்படி. உடம்பு முடியாமல் பிரான்ஸுக்கு அழைத்துப் போனார்கள். 1957 அக்டோபரில் பாரிஸில் காலமானார். நம் கணக்குப்படி புராஜெக்ட் ஃபெயில். ரிப்போர்ட்டில் சிவப்பு மைதான்.

1968-ல் லெ சோவும் இமயமலைப் பக்கம் போய்விட, கேரளாவின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி இரண்டு பேரோடு தண்ணீர்ப்பள்ளிக்கு வந்தார். 1993-ல் சாகும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். அவர் காலத்தில் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தது மோன்ஷனின் தனியாக இருந்த அதே தோப்பில்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ரெண்டு நாள் லீவுக்கு ஃபாரம் வாங்கினேன். 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'காவிரிக் கரையில் சும்மா உட்கார' என்று எழுதினால் ஹெச்.ஆரில் என்ன ஆகும்? தாயுமானவரே வந்து சிபாரிசு செய்தாலும் எடுபடாது. 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் சாங்ஷன் ஆகவில்லை.