தோல் தொங்கினால் உங்களுக்கென்ன?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலையில் நடக்கப் போனால் விசாரணைதான். "என்ன சார், சுகர் முத்திடுச்சா?" மருத்துவர் சொல்லி, பாடுபட்டு, இரண்டு வருடத்தில் 98 கிலோவிலிருந்து 67-க்கு வந்தவன் நான். தொப்பையோடு இருந்தபோது "களையா இருக்கீங்க" என்றவர்களும் இவர்களேதான்!

கழுத்திலும் கையிலும் தோல் தொங்குகிறதாம். தொங்கத்தான் செய்யும். வருடக்கணக்கில் விரிந்து கிடந்த தோலில் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் நைந்துபோகின்றன. கொழுப்பு போனாலும் தோல் பழைய அளவுக்குச் சுருங்காது, அதுவும் எழுபதுக்கு மேல். எந்தக் களிம்பும் அதை இழுத்துக் கட்டாது. மிகுந்த தோலை அறுத்து எடுக்கலாம், எனக்கு வேண்டாம். மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகாமல் துடைத்துக்கொள்கிறேன்.

கேட்பவர்களில் பலர் ஆருத்ரா தரிசனத்துக்குத் தவறாமல் சிதம்பரம் போகிறவர்கள். அங்கே ஆயிரங்கால் மண்டபத்தில்தான் சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றினார் என்பார்கள். அதில் காரைக்கால் புனிதவதியார், கணவனுக்காகத் தாங்கிய தசையை உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெறுகிறார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவருக்குத் துருத்திய விலா எலும்பு, வற்றித் தொங்கும் மார்பு. வழியில் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். "அம்மையே" என்று அழைத்தவர் சிவபெருமான். காரைக்காலும் அன்று பிரெஞ்சு ஊர்தான், ஆனால் என் பிரெஞ்சுப் பள்ளியில் இந்த அம்மையாரைப் பற்றி ஒரு வரி சொல்லித்தரவில்லை.

அவருக்குக் கற்பூரம், எனக்குக் குறுக்கு விசாரணையா? காரணமில்லாமல் ஒருவர் இளைத்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், அது அக்கறை. முயன்று இளைத்தவனிடம் பேச வேறொன்றும் இல்லையென்றால் புயலைப் பற்றிப் பேசுங்களேன். கடலூரில் அதற்கா பஞ்சம்?