சொந்த வீடு இல்லை, குத்தகை வீடு

அன்பான பழைய மாணவர்களுக்கும் இனசனத்துக்கும்,

போன கிழமை ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு பழைய மாணவன் ஃபோன் எடுத்தான். அவனுடைய ஃபிளாற் குத்தகையில் இன்னும் 81 வருடம்தான் மிச்சமாம். "சட்டம் மாறப்போகுது சேர், அதுக்குப் பிறகு நீடிப்பம்" என்றான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஊரில் பத்துப் பரப்புத் தோட்டக்காணியைக் குத்தகைக்குச் செய்தவன், அதைத் தன் காணி என்று ஒருநாளும் சொன்னதில்லை. உறுதி யாருடைய பெயரில் என்று அவனுக்குத் தெரியும். இங்கே நாங்கள் தலைக்கு மேல் கடன்பட்டு லீஸ்ஹோல்ட் ஃபிளாற் வாங்கி, பால் காய்ச்சி, "சொந்த வீடு" என்று படம் போடுகிறோம். நிலம் இன்னொருவருடையது. குத்தகை முடிந்தால் வீடும் அவருடையதுதான். பக்கத்திலே ஸ்கொட்லாந்தில் மாடிவீடு வாங்கினவனுக்கு இந்தத் தலையிடி இல்லை.

எங்கள் ஃபிளாற்றின் 99 வருடக் குத்தகை 1991இல் தொடங்கியது. 2007இல் வாங்கும்போது 83 வருடம் மிச்சம். இரண்டு வருடம் சொந்தக்காரராக இருந்தால்தான் நீடிக்கக் கேட்கலாம் என்பது அன்றைய சட்டம். 2009இல் கேட்டிருக்கலாம். எங்கள் சொலிசிற்றர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2014இல் மோர்கேஜ் மாற்றப் போனபோதுதான் விளங்கியது. மிச்சம் 76.

80க்குக் கீழே இறங்கினால் என்ன நடக்கும்? குத்தகையை நீடிப்பதால் வீட்டின் பெறுமதி கூடும் அல்லவா, அந்தக் கூடுதலில் பாதியை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்கவேண்டும். கூடுதல் 20,000 பவுண் என்று வையுங்கள், 10,000 அவருக்கு. வழக்கமான விலைக்கு மேலே இது. இதற்குப் பெயர் "மரேஜ் வல்யூ". நான் சீதனம் என்பேன். அவருடைய சொலிசிற்றருக்கும் மதிப்பீட்டாளருக்கும் நாங்களே கட்டினோம். ஊர் வீடு திருத்த மனைவி சேர்த்த காசு அதோடு போயிற்று. அந்த வீட்டை அவ பிறகு பார்க்கவேயில்லை.

"கையெழுத்து வைத்தது நீங்கள்தானே" என்பார்கள். லண்டனில் ஃபிளாற் தேடுபவனுக்கு வேறு என்ன வைத்திருக்கிறார்கள்?

2024இல் புதிய சட்டம் நிறைவேறியது உண்மை. 990 வருட நீடிப்பும் மரேஜ் வல்யூ ஒழிப்பும் அதில் உண்டு. இரண்டு வருட விதி 2025 ஜனவரி 31இல் போய்விட்டது. ஆனால் இந்தப் பெரிய இரண்டும், நான் எழுதும் இன்றுவரை கடதாசியில்தான். கடதாசிச் சட்டத்துக்காக உங்கள் வருடங்கள் காத்து நிற்காது.

80க்குக் கீழே போனவர்கள் பொறுப்பதா இல்லையா என்று, இந்த வேலை தெரிந்த சொலிசிற்றரிடம் கேளுங்கள். 81, 82இல் நிற்பவர்கள் சூதாட வேண்டாம். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால் அந்தத் திகதியிலேயே கணக்கு நிற்கும். மிச்சத்தோடு 90 வருடம் கூடும், நிலவாடகை ஒரு மிளகாகும். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஒரு மிளகு! நிலச் சொந்தக்காரர் தாமாக அனுப்பும் "சலுகை"க் கடிதத்தில் வருடம் குறைவாகவும் வாடகை அப்படியேயும் இருக்கலாம். வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள்.

இன்றிரவே பத்திரத்தை எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். பிறகு உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நான் மறைத்துத்தான் தோற்றேன்.

உங்கள் கணக்கு மாஸ்டர்