மீண்டும் மேலே போனால் வெட்கமா?

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். “பறப்பது சுலபம். இறங்குவதுதான் கஷ்டம்” என்பார்கள்.

ஒரே ஒரு என்ஜின் உள்ள சின்ன விமானம்கூட, மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில்தான் ஓடுபாதையை நெருங்குகிறது. அந்த வேகத்தை அடக்கி, பூப்போல் தரையில் உட்கார வேண்டும்.

இதற்கு உதவுவது “பிளாப்”.

பருந்தைப் பாருங்கள்

இறக்கையின் பின் ஓரத்தில், கீழ் நோக்கிச் சாயக்கூடிய பலகைகள் உண்டு. இவையே “பிளாப்”. பருந்து தரையில் இறங்கும்போது இறக்கையையும் வாலையும் அகல விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலையை இவை செய்கின்றன.

“பிளாப்”பை இறக்கினால், குறைந்த வேகத்திலும் விமானம் விழாமல் மிதக்கும். காற்றின் தடையும் கூடும். அதனால், வேகம் ஏறாமல் இன்னும் அதிகச் சரிவில் இறங்கலாம்.

நண்பனே எதிரி!

இறங்கும் நேரத்தில் பாதையில் மாடு குறுக்கிடலாம். பக்கக் காற்று தள்ளலாம். விமானம் தரையில் பட்டுத் துள்ளலாம். உடனே என்ஜினுக்கு முழு விசை கொடுத்து, மீண்டும் மேலே எழும்ப வேண்டும்.

அப்போது, முழுவதும் இறங்கிய “பிளாப்” விமானத்தை ஏறவிடாமல் இழுக்கும். பயந்துபோய் அதை ஒரேயடியாக மடக்கினாலோ, மிதக்கும் சக்தி குறைந்து விமானம் “தொப்”பென்று தாழும்!

அமெரிக்காவின் செஸ்னா கம்பெனி செய்த “150” விமானத்தில் பலர் பயிற்சி பெற்றார்கள். இருவர் உட்காரும் விமானம் அது. என்ஜின் 100 குதிரைச் சக்தி. “பிளாப்” 40 டிகிரி வரை இறங்கும்.

1977-ம் ஆண்டு, அதற்குப் பதிலாக “152” வந்தது. என்ஜின் சக்தியை 110 ஆகக் கூட்டினார்கள். “பிளாப்”பை 30 டிகிரியோடு நிறுத்தினார்கள்.

“40 டிகிரி இருந்தால் சின்ன மைதானத்திலும் இறங்கலாமே!” என்று பழைய விமானிகள் சிலர் குறைப்படுவது உண்டு. அது உண்மைதான். ஆனால், கைதேர்ந்தவருக்கு உதவும் கருவி, கற்றுக்குட்டிக்கு எமன் ஆகிவிடலாம். ஆகவே, குறைத்தது சரி என்பதே என் கருத்து.

மனமும் மாற வேண்டும்

கருவியை மாற்றினால் மட்டும் போதுமா? “மீண்டும் மேலே போனால் கூட்டாளிகள் சிரிப்பார்களே!” என்ற வெட்கமும் ஒழிய வேண்டும்.

முதலில் முழு விசை. உடனே “பிளாப்” 20 டிகிரிக்கு வர வேண்டும். வேகம் சேர்ந்த பிறகு, மெல்ல மெல்ல முழுவதும் மடக்க வேண்டும். “152” விமானத்துக்குச் சொல்லப்பட்ட முறை இது. இதைக் கை தானாகச் செய்யும் வரை பழக்க வேண்டும்.

அழகாக இறங்கியவரைப் பாராட்டும் ஆசிரியர்கள், சமயம் அறிந்து மேலே எழும்பியவரையும் பாராட்ட வேண்டும்.

கொஞ்சம் பெட்ரோல் செலவாகும். சில நிமிடம் தாமதமாகும். போனால் போகட்டும்! வீட்டில் காத்திருக்கும் தாயிடம், மகனோ மகளோ பத்திரமாகத் திரும்பி வருவார்கள் அல்லவா?