குரல் கேட்பவரின் குரல்

ராயப்பேட்டை மருத்துவமனை வாசலில் தமக்குத்தாமே பேசிக்கொண்டு நிற்கும் ஒருவரைக் கண்டால், தன்னை மறந்தவர் என்று தீர்ப்பெழுதிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அத்தீர்ப்பை மறுக்கும் நூல் தமிழிலேயே உண்டு: எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’. 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலுக்கு அடிப்படை, ஆசிரியர் தாமே அனுபவித்த செவிப் பிரமைகள். நாயகன் மகாலிங்கம் ஓயாத குரல்களால் வதைபடுகிறான். ஆயினும் வதைபடும் தன்னைத் தானே கவனித்துக்கொண்டும் இருக்கிறான்.

அறிவியலும் இதையொட்டியே பேசுகிறது. அதே 1993இல் லண்டன் ஆய்வாளர்கள், மனச்சிதைவு நோயாளிகளுக்குக் குரல் கேட்கும் வேளையில், பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் மிகுவதைக் கண்டனர். உள்ளே எழும் தன் பேச்சே அயலார் குரலாக ஒலிக்கிறது என்னும் கருத்துக்கு அது வலுச்சேர்த்தது. அப்படியானால் பழுதுபடுவது ‘இது என்னுடையது’ என்னும் உணர்வு. ‘நான்’ முழுவதும் அழிந்துவிடுவதில்லை.

தமக்கு நோயே இல்லை என்று நம்புவோரும் பலர் உண்டு. ஆனால் அதுவும் நோயின் கூறே, பிடிவாதம் அன்று. புரிந்துகொண்டு தெரிவிக்க இயலுமானால் சிகிச்சை பற்றிய முடிவு நோயாளியுடையதே என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். எனவே வீட்டாரும் மருத்துவரும் தமக்குள் பேசி முடிக்குமுன் அவரிடம் கேட்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.