வீட்டு ரூட்டரைத் தட்டிப் பார்ப்பது யார்? ‘போர்ட் ஸ்கேன்’ எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

தூத்துக்குடி பக்கம் ‘போர்ட்’ என்றாலே வ.உ.சி. துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், மணப்பாட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவரின் லேப்டாப்பில் ‘போர்ட் ஸ்கேன் தடுக்கப்பட்டது’ என்று எச்சரிக்கை வந்தால், அது வேறு போர்ட். யாரோ நம்மைக் குறிவைத்துவிட்டார்கள் என்று பதற்றம் வருவது இயல்பு. பெரும்பாலும் அந்த ‘யாரோ’வுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது.

அது என்ன போர்ட்?

ஐபி முகவரியை வீட்டு முகவரி என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது அந்த வீட்டின் கதவு எண். 0 முதல் 65,535 வரை கதவுகள் உண்டு. இணையதளங்களுக்கு 443, விண்டோஸில் ஃபைல் பகிர 445, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுதான் போர்ட் ஸ்கேன்.

மணப்பாடு கலங்கரை விளக்கின் வெளிச்சம் எந்த வள்ளத்தையும் தேடிப் போவதில்லை; சுற்றும்போது எதிரே இருப்பதன் மேல் விழுகிறது. ஸ்கேனும் அப்படித்தான். 2013-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘இசட்மேப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஐபிவி4 பொது முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிவிட முடியும் என்று காட்டினார்கள். ஆய்வாளர்களால் முடிந்தது திருடர்களாலும் முடியும். ஆக, தட்டுவதை நம்மால் நிறுத்த முடியாது. கவனிக்க வேண்டியது கதவைத்தான்.

2017-ல் பி.எஸ்.என்.எல். மோடம்களுக்கு என்ன ஆனது?

2017 ஜூலை கடைசியில் நாட்டின் பல இடங்களில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் திடீரென்று படுத்துவிட்டன. ‘admin’ என்ற ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றாத சுமார் 2,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் சொன்னது. 60,000-க்கும் மேல் என்றன சில செய்திகள். நிறுவனம் தூரத்திலிருந்து மோடமை நிர்வகிக்கும் 7547-ம் எண் போர்ட், வெளியாட்களும் தொடும்படி திறந்து கிடந்ததும் அப்போது பேசப்பட்டது. ‘பிரிக்கர்பாட்’ என்ற மால்வேர் திறந்த கதவாகத் தேடி, உள்ளே போய், கருவியையே செயலிழக்க வைத்தது.

பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை வந்தது. சரியான அறிவுரைதான், ஆனால் பாதி நியாயம்தான். கனெக்‌ஷன் கொடுக்க வரும் டெக்னீஷியன் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ரூட்டரின் செட்டிங்ஸைத் திறக்க தனியாக ஒரு அட்மின் பாஸ்வேர்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாத பூட்டை எப்படி மாற்றுவது? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான ஆரம்பப் பாஸ்வேர்டோடு ஸ்மார்ட் கருவிகளை விற்பது சட்டவிரோதம். இங்கேயும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்காமல் ‘இன்ஸ்டலேஷன் முடிந்தது’ என்று சொல்ல எந்த நிறுவனத்தையும் விடக் கூடாது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் அந்த அட்மின் பாஸ்வேர்டு. பெரும்பாலான ரூட்டர்களின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் செட்டிங்ஸ் முகவரி இருக்கும். பிரவுசரில் அதைத் திறந்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். அங்கேயே ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். ‘யுபிஎன்பி’ என்ற வசதியும் தேவையில்லை என்றால் வேண்டாம்; வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறக்க அது வழிவிடும். ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

அடுத்து சிசிடிவி. துபாயில் இருக்கும் மகன் ஊர் வீட்டை போனில் பார்க்கணும் என்று கேமரா மாட்டுகிறோம். அதற்காக மாட்ட வருபவர் ரூட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்துவிட்டுப் போனால், அந்தக் கதவு மகனுக்கு மட்டும் திறப்பதில்லை, ஊருக்கே திறந்திருக்கும். என்ன திறந்தீர்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். 2016-ல் ‘மிராய்’ மால்வேர் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் சுமார் 60 ஆரம்பப் பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்தே பிடித்தது. அவற்றை ஏவித்தான் அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் முடக்கப்பட்டன.

கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஃபயர்வாலை ஆஃப் செய்யாதீர்கள். கேம் ஓடவில்லை என்றாலும்கூட! ரிமோட் டெஸ்க்டாப் தேவைப்படாதவர்கள் அதை நிறுத்தி வைக்கலாம். அலுவலக வேலைக்குத் தேவை என்றால் நிறுவனத்தின் விபிஎன் வழியாக மட்டும் பயன்படுத்துங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடவே கூடாது. 2017 மே 12 அன்று உலகத்தை அலறவிட்ட ‘வான்னாக்ரை’ 445-ம் எண் போர்ட் வழியாகத்தான் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது.

ரூட்டர் ஏற்கெனவே மாட்டியிருக்குமோ என்று சந்தேகமா? மிராய் போன்றவை தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருப்பதால், ஆஃப் செய்து ஆன் செய்தாலே அழிந்துவிடும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு விட்டால், அடுத்த ஸ்கேனில் சில நிமிடங்களிலேயே திரும்பி வரலாம்.