காரணமற்ற பயணம்

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் எதையும் ஒதுக்கவில்லை. பொழுதை மட்டும் ஒதுக்கினார்: நண்பகல், வேனில், கூடவே பின்பனி. உரிப்பொருள் பிரிவு. பொருள்தேடி அந்த வெம்பரப்பைக் கடப்பவன் இளைஞன். உடன்போக்கில் அவனோடு நடப்பவளும் இளையவளே. மூத்தவர்கள் வீட்டில் இருந்து வருந்துபவர்கள். விதிவிலக்காகச் செவிலித்தாய் ஒருத்தி உண்டு. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி அவள் சுரத்தில் இறங்குகிறாள், எதிர்ப்படுவோரிடம் விசாரிக்கிறாள். ஆனால் அவளுக்கும் அங்கே போக ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. சும்மா பாலையைப் பார்த்துவரலாம் என்று புறப்படும் கிழவருக்கோ கிழவிக்கோ நம் திணைக்கட்டில் இடமில்லை.

அந்தச் செவிலித்தாய் இன்று சிட்லபாக்கத்தில் வசிக்கிறாள் என்று சொல்லத் தோன்றுகிறது. குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் கிழக்கே, ஏரியைச் சுற்றி வளர்ந்த இந்தப் பகுதியில், ரயில்வேயிலும் வங்கியிலும் தொலைபேசித் துறையிலும் பள்ளிகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் ஏராளம். மாடியறை பூட்டிக் கிடக்கும். அதில் இருந்த பிள்ளை நியூஜெர்சியிலோ டல்லஸிலோ இருப்பான். அல்லது ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் இருப்பான். இன்டெல் நிறுவனத்தின் பெரிய ஆலைகள் அங்கே இருப்பதால் நம்மவர்களும் அங்கே நிறையவே இருக்கிறார்கள். அவனைப் பார்க்கப் போகும் பெற்றோர் விவரமறிந்தவர்களாயின் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் போவார்கள். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தாம்பரத்துக் கத்திரி வெயிலுக்குத் தப்பி அங்கே போய்ச் சிக்கிக்கொள்ள எவரும் விரும்பமாட்டார்கள்.

இப்படிப் போகிறவர்கள், தம்மை அறியாமலேயே ஒரு பெரும் வலசையில் சேர்ந்துகொள்கிறார்கள். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்காலத்தில் தெற்கே இறங்கிவரும் ஓய்வூதியர்களை 'ஸ்னோபேர்ட்' என்று அங்கே அழைக்கிறார்கள். பனிப்பறவை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஃபீனிக்ஸிலிருந்து கலிபோர்னியா நோக்கி மேற்கே செல்லும் பத்தாம் எண் நெடுஞ்சாலையில், கொலராடோ ஆற்றை எட்டுவதற்குச் சற்று முன்னால், குவார்ட்ஸைட் என்றோர் ஊர் வரும். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே நிலையாக வசிப்போர் 2,413 பேர். குளிர்காலத்திலோ இலட்சக்கணக்கில் வந்துபோகிறார்கள். சுற்றியுள்ள பாலைநிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீட்டுவண்டிகள் வெள்ளை வெள்ளையாக நிற்கும். அது அரசு நிலம். 1983இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே தங்கலாம். பல ஆண்டுகளாக அதன் கட்டணம் 180 டாலராக இருந்தது. ஏழு மாதத்துக்கு!

(இடையில் ஒரு செய்தி. இந்த ஊர்க் கல்லறையில் உச்சியில் ஒட்டகம் நிற்கும் சிறு பிரமிடு ஒன்று உண்டு. அமெரிக்க இராணுவம் 1850களில் ஒட்டகப்படை ஒன்றை நடத்திப் பார்த்தது. அதற்காக ஒட்டோமன் பேரரசிலிருந்து 1856இல் வந்திறங்கிய ஹாஜி அலி, அமெரிக்க நாக்கில் 'ஹை ஜாலி' ஆகி, 1902இல் அங்கேயே இறந்தார். வேலைதேடிப் பாலை கடந்தவன். நம் அகத்திணைத் தலைவனுக்கு அண்ணன் முறை.)

இந்தப் பனிப்பறவைகள் பகல்வேளையில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நம் கவனத்துக்குரியது. அறுபத்தைந்து, எழுபது, சிலர் எண்பதை நெருங்குபவர்கள், பத்துப் பதினைந்து வண்டிகளாகச் சேர்ந்து சாலையை விட்டிறங்கிப் பாலைக்குள் போகிறார்கள். இருவர் அருகருகே அமரும் சிறிய நாற்சக்கர வண்டிகள் அவை. 'சைடு-பை-சைடு' என்றே பெயர். இரும்புக் குழாய்க் கூண்டு, இருக்கைப் பட்டி, வாக்கிடாக்கி. மணலில் பிடிப்பு வேண்டி டயரின் காற்றைச் சற்றே இறக்கிக்கொள்வார்கள். வழி தெரிந்தவர் முன்னே செல்வார். வண்டி பழுதுபார்க்கத் தெரிந்தவர் கடைசியில் வருவார். முன்வண்டியின் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் அடுத்த வண்டி போகும். பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொருவரும் நின்று, தமக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணில் பட்ட பிறகே திரும்பவேண்டும் என்பது எழுதப்படாத விதி. முன்னால் போகிறவரைத் துரத்துவதல்ல, பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பேற்பதே கூட்டப்பயணத்தின் இலக்கணம். எழுபது வயதுக்காரர்கள் இதைச் சிறுபிள்ளைகளைப் போன்ற கண்டிப்போடு கடைப்பிடிக்கிறார்கள்.

அவர்கள் போய்ச் சேரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுமில்லாத இடங்கள். கைவிடப்பட்ட சுரங்க வாய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்பு உருக்கி, பிறகு ஆளற்றுப் போன ஸ்வான்ஸீ என்னும் பாழூர். பார்க்கர் நகருக்கு வெளியே மலைக்குள், மண்பாதையில் மட்டுமே அடையக்கூடிய ஒரு மதுக்கடை. குளிர்பருவத்தின் வார இறுதிகளில் மட்டும் திறக்கும், மின்சாரம் சூரியனிடமிருந்து. அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு, பாறைகளைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஒரு பலனும் இல்லை. நேர்த்திக்கடன் இல்லை, புண்ணியம் இல்லை, மருத்துவர் சொன்னதும் இல்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்ட முழங்காலும் காதுக்கருவியும் உள்ள மனிதர்கள் புழுதி படிந்த முகத்தோடு சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் 'காரணமின்மை'யை நம் ஊரில் எங்கே காண்கிறோம்?

சிட்லபாக்கத்து ஓய்வூதியர் ஏரிக்கரையில் நடக்கிறார், சர்க்கரைக்காக. அமெரிக்கா போகிறார், பேரப்பிள்ளைக்காக. மனைவியானால் பெரும்பாலும் பிரசவத்துக்காக. அரிசோனாவுக்கே போயும் ஆறுமாதம் ஒரு சமையலறையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! காசிக்குப் போகிறார், கர்மத்துக்காக. தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயதுள்ளோரை இராமேசுவரம்-காசிக்கும், 2024 முதல் அறுபடை வீடுகளுக்கும் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது. நல்ல திட்டம்; அதில் போய்வந்தவர்களின் முகமலர்ச்சியில் பக்தியோடு பேருந்தில் கூட்டமாகப் பாடிக்கொண்டே போன குதூகலத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் குதூகலத்தை அதன் பெயரிலேயே கேட்டுப்பெற நம் முதியவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கொடுக்க நமக்கும் கூச்சமாக இருக்கிறது. சாமி வந்து ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும்.

இரயில்வேயைப் பாருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில், தொற்றுக்காலத்தின் பெயரால் நிறுத்தப்பட்டது. தொற்று போனபின்னும் சலுகை திரும்பவில்லை. முதியவர் ஊர்சுற்றுவது அவசியமான காரியமல்ல என்ற எண்ணம் இதற்குப் பின்னே இருப்பதாகவே நாம் கருதுகிறோம். செலவைப் பற்றிய வாதம் எப்போதும் ஒரு மதிப்பீட்டைப் பற்றிய வாதமும்தான். இதற்கு எதிராகத் தாம்பரத்திலோ மாம்பலத்திலோ பெரிய கிளர்ச்சி ஏதும் எழவில்லை; முதியவர்களே கூட 'இந்த வயதில் நமக்கென்ன பயணம்' என்று அதை ஒப்புக்கொண்டுவிட்டது போலிருந்தது. நம் இலக்கியமும் இதில் குற்றமற்றதல்ல. சாய்வுநாற்காலி, இருமல், தபாலை எதிர்நோக்கும் கண்கள் என்று முதுமையைப் பரிதாபத்தின் பொருளாகவே எழுதித் தள்ளியிருக்கிறோம். விளையாடும் முதியவர் நம் சிறுகதைகளில் அநேகமாகக் கோமாளி.

அமெரிக்கனுக்குக் காசிருக்கிறது, சுற்றுகிறான் என்று சொல்வது எளிது. அதில் உண்மையும் உண்டு. அந்த வண்டிகளின் விலை நம் ஓய்வூதியரின் பல வருட ஓய்வூதியம். ஆனால் குவார்ட்ஸைட்டின் மறுபக்கத்தை ஜெஸிகா ப்ரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' நூலில் பதிவு செய்திருக்கிறார் (2020இல் க்ளோயி ஷாவ் அதைப் படமாக்கினார்). வீட்டை இழந்து, பழைய வேன்களில் வாழ்ந்து, கிடங்குகளில் பருவக்கூலி வேலை பார்க்கும் முதியவர்களும் அதே பாலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். அவர்களும் தீமூட்டி வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். கூடிக் களிக்கும் பழக்கம் பணத்தோடு மட்டும் வருவதாகத் தெரியவில்லை.

நமக்கு உறுத்துவது வேறு கணக்கு: பாலையின் கணக்கு. பாலை காலியிடம் அல்ல. அதன் மேற்பரப்பில் பாசியும் காளானும் நுண்ணுயிர்களும் சேர்ந்து நெய்த மெல்லிய ஏடு ஒன்று உண்டு. மண்ணைக் காற்றிலிருந்து காப்பது அதுதான். ஒருமுறை டயர் ஏறினால் அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். 1942 முதல் 1944 வரை ஜெனரல் பாட்டனின் பயிற்சிக்களமாக இருந்த பகுதிகளில் டாங்கிகள் பதித்த தடம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. குவார்ட்ஸைட்டிலிருந்து மேற்கே ஆற்றைக் கடந்தால் ப்ளைத் நகரத்தின் அருகே, தொல்குடிகள் தரையில் கீறிய மாபெரும் மனித உருவங்கள் உள்ளன. 1932இல் ஒரு விமானி வானிலிருந்து கண்டுசொன்ன பிறகே வெளியுலகம் அவற்றை அறிந்தது. வேலி போடுவதற்குள் அவற்றின் மேலும் வண்டிகள் ஓடிவிட்டன. குளிர்காலத்தில் பாலை ஆமைகள் வளைக்குள் உறங்குகின்றன. மேலே உருளும் சக்கரம் வளையை இடித்துவிடக்கூடும். பொதுநிலத்தில் இத்தகைய வண்டிகளைக் குறித்த தடங்களுக்குள் அடக்கவேண்டும் என்று நிக்ஸன் 1972இலேயே ஆணை பிறப்பித்தார் என்றால், தொல்லை அப்போதே எந்த அளவில் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தடத்தை விட்டு விலகாத குழுக்களும் உண்டு, விலகுகிறவர்களும் உண்டு. பின்வருபவருக்குப் பொறுப்பேற்கும் அந்த அழகிய விதி, ஆமையையும் ஏட்டையும் பின்வருபவராக எண்ணத் தவறிவிடுகிறது.

ஆகவே அந்த வண்டிகளை இங்கே இறக்குமதி செய்யவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் அவை உறுமுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கொண்டுவர வேண்டியது அந்தக் கூட்டத்தை மட்டும்.

அதற்குத் தாம்பரம் பகுதி பொருத்தமற்ற இடமல்ல. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் முதலில் குளிர்காலம் கழிக்க வந்தவர்கள் காசநோயாளிகள். வறண்ட காற்றுக்காக டூசானில் கூடாரமடித்துக் கிடந்தார்கள். தாம்பரத்திலும் 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோய் இல்லம் தொடங்கியது நல்ல காற்றை நம்பித்தான். ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்துவிட்டது. அங்கே நோய் என்ற காரணம் உதிர்ந்து, வெறும் இன்பத்துக்காக வரலாம் என்றாகிவிட்டது. இங்கே நாம் இன்னும் சர்க்கரை அளவைக் காட்டித்தான் வெளியே கிளம்புகிறோம்.

சிட்லபாக்கம் ஏரியின் கதையையும் நினைவுகொள்ள வேண்டும். ஆக்கிரமிப்பும் கழிவும் குப்பையும் சேர்ந்து விழுங்கவிருந்த ஏரி அது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதியவர்களிலும் கரையில் நின்றவர்களிலும் ஓய்வூதியர்கள் கணிசம். குறைதீர்க்கக் கூடிய அந்தக் கூட்டம், குறையில்லாத ஒரு நாளில் ஏன் கூடக்கூடாது? தை பிறந்ததும் வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நிறைந்திருக்கும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்தொடர் வண்டி; அங்கிருந்து ஒரு வேன் பேசிக்கொள்ளலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலமோ இன்னும் அருகில், உள்ளூர்ப் பேருந்திலேயே எட்டிவிடும் தூரம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அந்தப் பயணச்சீட்டைக் கிழித்துத் தரும் நடத்துநர், எதற்காகப் போகிறீர்கள் அம்மா என்று கேட்பதில்லை. வீட்டில்தான் கேட்பார்கள். அன்றைக்கு மதியச் சமையல் யார் செய்வது என்றும் கேட்பார்கள்.

கேட்கட்டும்.